பெற்றவளே சீறினால்...

மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் மாணவி

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வகுப்பு வகுப்பாக வந்த மலர்க்குழுத் தோழர், "ரோபோ பத்தி எழுத ஆறு பேர் இருக்காங்க. பிளாஸ்டிக் ஒழிப்புக்கு நாலு பேர். நீ வேற ஏதாச்சும் எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். யோசித்துப் பார்த்தேன். போன வருஷம் வைகாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சாக இருந்தது ஒரு பூனை. அதனால் வீட்டில் இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள். ஒருவருக்கு ஊசி போட வேண்டி வந்தது. நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு டாக்டரிடம் தனியாகப் போய்ப் பேசினேன். எனவே பூனையைப் பற்றியே எழுதுகிறேன். சிரிக்காமல் படியுங்கள் நண்பர்களே!

தாய்ப்பூனை குட்டிகளை உயிரைக் கொடுத்துக் காக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே தாய், குட்டிகள் ஓரளவு வளர்ந்ததும் அவற்றின் மேலேயே பாய்ந்து கடிக்கும் என்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? பார்த்தவர்கள்கூட "அதுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று சொல்லி நகர்ந்திருப்பீர்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள். அது கிறுக்கு இல்லை என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

நாங்கள் இருப்பது சோமனூர் பக்கத்தில், ஒரு தறிக்குடோனை ஒட்டிய லைன் வீடு. அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றுகிறாள். அம்மாவைப் பெற்ற அமுச்சியும் எங்களோடுதான் இருக்கிறாள். அப்பா அஞ்சாவது, அம்மா எட்டாவது, அமுச்சி கைநாட்டு. பாலிடெக்னிக் என்ற வார்த்தை அமுச்சியின் வாயில் இன்னும் 'பாலிடிக்ஸ்' என்றுதான் வருகிறது. அவள் புண்ணியத்தில், நான் ஏதோ கட்சியில் சேர்ந்துவிட்டதாக ஊரில் கொஞ்ச நாள் பேச்சு!

தறிக்குடோனில் பூனை இருப்பது அழகுக்காக இல்லை. பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றியிருப்பார்கள். அந்தக் கஞ்சிக்கு எலி வரும், கரப்பான் வரும், சமயத்தில் பெருக்கானே வரும். ராத்திரி எலி வாய் வைத்தால் காலையில் அப்பா தறியை நிறுத்திவிட்டு அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிய வேண்டும். அதனால் குடோன்காரர் பூனையிடம் மட்டும் வாடகை கேட்பதில்லை. ராணி அப்படி வந்து ஒட்டிக்கொண்டவள்தான். வெள்ளை, கறுப்பு, செவலை என்று உடம்பில் மூன்று நிறம்.

மாசி மாதத்தில் கழிவு நூல் மூட்டைக்குள் மூன்று குட்டி போட்டாள். நிறத்தைப் பார்த்து வெள்ளையன், சாம்பலி, மஞ்சான் என்று பெயர் வைத்தோம். கண் திறக்கப் பத்து நாள் ஆனது. அதற்குள் மூட்டையிலிருந்து அட்டாலிக்கு, அட்டாலியிலிருந்து நூல் ரூமுக்கு, அங்கிருந்து எங்கள் கட்டிலடிக்கு என்று வாயில் கவ்விக்கொண்டு இடம் மாற்றிக்கொண்டே இருந்தாள். "ஏழு எடம் மாத்தாம அடங்க மாட்டா, பாரு" என்றாள் அமுச்சி. நான் எண்ணியவரை நாலு. 'குட்டி போட்ட பூனையாட்ட அலையாதே' என்று அம்மா என்னைத் திட்டும்போதெல்லாம் அர்த்தம் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்த்த பிறகுதான் புரிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் தமிழய்யா ஒருமுறை வைணவத்தில் சொல்லும் இரண்டு உவமைகளை விளக்கினார். குரங்குக்குட்டி தானே தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ளும். பக்தன் அப்படி முயன்று கடவுளைப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் வழி. பூனைக்குட்டி எதுவும் செய்யாது. தாயே கவ்வித் தூக்கிப் போகும். கடவுள் அப்படி நம்மை எடுத்துக்கொள்வார் என்பது தென்கலையார் வழி. மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று பெயர். வகுப்பே பூனைக்குட்டியாக இருக்க ஆசைப்பட்டது. பரீட்சைக்குப் படிக்க வேண்டியதில்லையே! ஆனால் அந்த உவமை குட்டிக்கு ஒரு மாதம் ஆகும்வரைதான் செல்லும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு பூனை குட்டியைத் தூக்குவதில்லை. நடக்க வைக்கிறது.

நாலு வாரம் ஆனதும் ராணி செத்த எலியைக் கொண்டுவந்து குட்டிகளின் முன்னால் போட்டாள். சில நாள் கழித்து அரை உயிரோடு இருந்த ஒடக்கானைக் கொண்டுவந்தாள். அதற்கும் பிறகு முழு உயிரோடு ஒரு சுண்டெலியை விட்டுவிட்டு, தப்பி ஓடினால் மட்டும் மடக்கித் திருப்பி விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் லேபில் முதலில் மின்சாரம் இல்லாத போர்டு, அப்புறம் பேட்டரி, அப்புறம்தான் 230 வோல்ட் என்று கையில் கொடுப்பார்களே, அதே முறை! உலகம் பூராவும் பூனைகள் இப்படித்தான் பழக்குகின்றன என்று பிறகு படித்தேன். ஜெர்மனியில் பால் லேஹவுசன் என்பவர் பூனைகளின் வேட்டையையே பல வருஷம் உட்கார்ந்து கவனித்து எழுதியிருக்கிறார்.

இப்படி இருந்தவள்தான் மாறினாள்.

வைகாசி பிறந்தபோது குட்டிகளுக்கு மூன்று மாதம். எனக்குப் பரீட்சை முடிந்து லீவு, அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். மஞ்சான் பால் குடிக்கப் போனால் உறுமல். காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, 'ஹ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். அவன் விடாமல் தலையை நுழைத்தால் முகத்தில் ஓர் அறை. தட்டில் சோறு வைத்தால் மூன்றையும் விரட்டிவிட்டுத் தான் மட்டும் தின்றாள். சாம்பலி வாலைப் பிடித்து விளையாட வந்தால் கழுத்தைக் கவ்வி உருட்டினாள்.

இதற்கு நடுவில் வெள்ளையன் தறிக்கு விடும் எண்ணெய் டப்பாவுக்குள் விழுந்து எழுந்து வந்தான். நக்கினால் வயிற்றுக்குள் போய்விடும் என்று அப்பா அவனைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து விட்டார். வெள்ளையன் பளிச்சென்று வீட்டுக்குள் நுழைந்தான். ராணி அவனை மோந்து பார்த்தாள். அடுத்த நிமிஷம் வால் பனம்பழம் போலப் புசுபுசுவென்று ஆகிவிட்டது. பாய்ந்து கடித்த கடியில் அவன் அலறிய சத்தம், தறிச் சத்தத்தையும் மீறி அடுத்த லைனுக்குக் கேட்டது. பிரிக்கப்போன அப்பாவின் முழங்கையில் நாலு கீறல், ஒரு கடி. கால்மணி நேரம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிதான் பூனைக்கடிக்கும், தவணை தவறாமல் போட வேண்டும் என்றார்கள். காசு இல்லை. ஆனால் ஊசிக்குப் போன ஒவ்வொரு நாளும் அரை நாள் கூலி போனது.

இது ஒரு பூனைச் சண்டையோடு நின்றிருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். "தாயே புள்ளையக் கடிச்சா வீட்டுக்கு ஆகாது" என்று அக்கம்பக்கத்தில் கிளப்பிவிட்டார்கள். குடோன்காரர் வந்து, "சாக்குல புடிச்சுக் கட்டி எங்காச்சும் சந்தைப் பக்கம் விட்டுட்டு வந்துருங்க. வேற பூனை கெடைக்காதா?" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குக் கை வலி. அமுச்சிதான், "வேண்டாஞ் சாமி, அது அப்படித்தான், பத்து நாள்ல அடங்கிரும்" என்று தடுத்தாள்.

அம்மா அப்போது பேசியதை நான் எதிர்பார்க்கவில்லை. தெருவில் போகிற நாய்க்கும் சோறு வைக்கிறவள் அவள். "கொண்டுபோய் விடுங்க அதைய. பெத்தவளா அது? மூணு மாசம் பால் குடுத்தாப் போதுமா? அதுகளுக்கு இன்னும் மூஞ்சி கழுவத் தெரியல, அடிச்சுத் தொரத்துது. இதைய ஒரு நிமிசம் என்ற கண்ணுல காட்டாதீங்க" என்றாள்.

"கோழி கொத்திப் பிரிச்சாத்தாண்டி குஞ்சு மேயும்" என்றாள் அமுச்சி.

"நான் கோழிக்குஞ்சா?" என்று கேட்டாள் அம்மா.

பூனையைப் பற்றித்தானே பேச்சு? அம்மா ஏன் 'நான்' என்றாள்? இருவரும் அன்றிலிருந்து ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. எனக்கு அந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். சொல்கிறேன். அதற்கு முன்னால் டாக்டரிடம் போனதைச் சொல்லிவிடுகிறேன்.

காய்கறிக் கூடையில் ராணியை உட்கார வைத்து, மேலே துணி கட்டி, அரசு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனேன். வரிசையில் எல்லாம் ஆடு, மாடு. என் கூடையைப் பார்த்து ஒரு பெரியவர், "பூனைக்கெல்லாமா அம்மிணி வைத்தியம்?" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. ராணியின் வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். காம்புகளைத் திருப்பிக் காட்டினார். எல்லாவற்றிலும் காய்ந்த கீறல்கள். "குட்டிகளுக்குப் பல்லு மொளைச்சிருச்சு, நகம் மொளைச்சிருச்சு. அதோட வந்து முட்டிக் குடிச்சா எந்தத் தாய்க்கும் வலிக்காதா? போதாக்குறைக்கு இவ மறுபடியும் சினையா இருக்கா. ஒரு மாசம் ஆச்சு" என்றார்.

அவர் சொன்னதையும், பிறகு நான் நூலகத்திலும் போனிலும் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். பூனைக்குட்டி நாலு வாரத்தில் தீனி தின்னப் பழகும். எட்டு வாரம் ஆகும்போது பால் ஏறக்குறைய நின்றுவிடும். பால் கொடுக்கும் காலத்திலேயே தாய்க்கு மறுபடி பருவம் வரலாம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். ஆக, பழைய குட்டி மடியை விடுவதற்குள் புதிய குட்டி வயிற்றில் வந்து நிற்கிறது. ராணியின் உடம்பு இரண்டு பக்கமும் செலவு செய்ய முடியாது. எலும்பும் தோலுமாக இருந்தாள். தட்டிலிருந்து அவள் குட்டிகளை விரட்டியது பேராசை என்று நாங்கள் நினைத்தோம். பசி!

1974-இல் ராபர்ட் டிரைவர்ஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். தாய்க்கு இப்போதுள்ள குட்டியும் இனிப் பிறக்கும் குட்டியும் சமம், இரண்டிலும் அவளுடைய மரபணுவில் பாதி இருக்கிறது. ஆனால் குட்டிக்குத் தான் என்றால் முழுசு, தம்பி என்றால் பாதி. அப்பன் வேறாக இருந்தால் கால். (கடுவன் பூனைகள் விஷயத்தில் அப்பன் யார் என்று யார் கண்டது!) அதனால் தாய் நிறுத்த நினைக்கும் நாளுக்குப் பிறகும் குட்டி பால் கேட்கும். அவள் கொடுக்க மாட்டாள், இவன் விட மாட்டான். அந்த இடைவெளியில்தான் சீறலும் அறையும். இதில் யாருக்கும் கிறுக்கு இல்லை. இரண்டு பக்கமும் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, விடைதான் வேறு வேறு. எனக்குக் கணிதத்தில் எப்போதும் சுமாரான மார்க்தான், ஆனால் இந்தக் கணக்கை மட்டும் ஒரே தடவையில் புரிந்துகொண்டேன்.

நம் நாட்டிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர் ஆராய்ந்தது தெருநாய்களை. தாயும் குட்டிகளும் இருக்கிற இடத்தில் தீனி போட்டுப் பார்த்தார்கள். குட்டி சிறிதாக இருக்கும்போது தாய் விட்டுக்கொடுக்கிறது. குட்டி வளர வளர, அதன் வாயிலிருந்தே பிடுங்கித் தின்கிறது. அதிலும் இறைச்சி என்றால் பிடுங்கல் இன்னும் அதிகம். அவர்கள் 2015-இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'சுயநலத் தாய்' என்று வருகிறது. அதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளையன் கதை வேறு. டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "அவனைக் குளிப்பாட்டினீங்களா?" என்பதுதான். பூனைக்குக் கண்ணைவிட மூக்கே சாட்சி. கூடவே வளர்ந்த பூனைகள் கன்னத்தாலும் உடம்பாலும் ஒன்றையொன்று உரசி உரசி, எல்லோருக்கும் ஒரே வாசனையாக வைத்துக்கொள்ளும். எண்ணெயும் சோப்பும் போன பிறகு வெள்ளையனிடம் அந்த வாசனை இல்லை. ராணி கடித்தது மகனை அல்ல, வீட்டுக்குள் நுழைந்த யாரோ ஓர் அந்நியப் பூனையை! ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மருந்து வாசனையோடு திரும்பும் பூனையை வீட்டுப் பூனைகள் சீறி விரட்டுவதும் இதனால்தானாம்.

இதையெல்லாம் வந்து சொன்னபோது அமுச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. "இதுக்கு ஒரு டாக்டரு, ஒரு புஸ்தகமா? எங்கூர்ல மாடு மேய்க்கற பையனக் கேட்டாச் சொல்லுவானே" என்றாள். அமுச்சி பிறந்தது காங்கேயம் பக்கம். கிளுவை வேலி போட்ட கொறங்காட்டில் மாடு மேய்த்து வளர்ந்தவள். கன்று பெரிதாகியும் மடியை விடாவிட்டால் அதன் மூக்கில் முள் கட்டி விடுவார்களாம். கன்று முட்டும்போது முள் தாயின் மடியில் குத்தும், தாய் உதைக்கும். "மாடா உதைச்சுது? நாமதான் உதைக்க வெச்சோம்" என்றாள் அமுச்சி. இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அந்தக் கொறங்காட்டுப் பூனையும் குட்டியை விரட்டத்தான் செய்யும். ஆனால் அங்கே குட்டி நூறு அடி தள்ளி, வேலிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். தாய்க்கு அவ்வளவுதான் வேண்டும். டாக்டரம்மாவும் இதைத்தான் அழுத்திச் சொன்னார். சீறல் என்பது 'தள்ளிப் போ' என்ற பேச்சு. குட்டி தள்ளிப் போய்விட்டால் பேச்சு முடிந்தது. போக முடியாத இடத்தில்தான் அது கடியாகிறது. எங்கள் வீடு ஒரே ரூம். முன்பக்கம் தெருநாய்கள், பின்பக்கம் ஓடுகிற தறிகள். மூன்று குட்டியும் எங்கேதான் போகும்? ராணியிடம் இருந்த குறை எதுவும் இல்லை, எங்கள் வீட்டின் நீள அகலம்தான் குறை என்று எனக்குப் பட்டது.

அம்மாவின் கதை இனி.

அமுச்சிக்கு மூன்று பிள்ளைகள். அப்புச்சி போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பதினாலு வயது. கடன் இருந்தது. 2001-இல், பதினைந்து வயதில், அம்மாவை ஒரு நூற்பாலை ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் நம் பக்கத்து மில்கள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று இருந்தது. மூன்று வருஷம் உள்ளேயே தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். அம்மாவுக்குச் சொன்ன தொகை 30,000 ரூபாய். முதல் பொங்கலுக்கு லீவில் வந்தவள், திரும்பிப் போக மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாளாம். அமுச்சி அவள் கையை நிலவிலிருந்து பிய்த்து எடுத்து, வெளியே தள்ளி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். வேன் வரும்வரை அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள்.

இதை அம்மா எனக்குச் சொன்னது அந்த வைகாசியில்தான், தார் சுற்றிக்கொண்டே, தறிச் சத்தத்துக்கு நடுவே. பாதி கேட்டது, பாதி உதட்டசைவில் புரிந்துகொண்டேன். தறிக்குடோனில் வளர்ந்த எல்லாருக்கும் உதட்டைப் படிக்கத் தெரியும்.

அன்று ராத்திரி அமுச்சி ராணிக்குச் சோறு வைத்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பேசினாள். "அன்னிக்குக் கதவத் தொறந்திருந்தா நான் உன்னைய விட்டிருக்க மாட்டேன். விடாட்டி கீழ ரெண்டும் பட்டினி. அதான் தொறக்கல." ராணி தின்றுகொண்டிருந்தாள். அம்மா பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அமுச்சி நினைத்தது, பூனையின் நியாயம் நிலைத்தால் தன் நியாயமும் நிலைத்துவிடும் என்று. நான் அப்படி நினைக்கவில்லை. மறுநாளே சொல்லியும் விட்டேன். ராணி குட்டிகளை விரட்டியது அவற்றுக்கு எலி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பிறகு. அம்மாவுக்கு அப்போது என்ன தெரியும்? குட்டி தள்ளிப் போனால் போன இடத்தில் அது தன்னிஷ்டம். அம்மா போன இடத்தில் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், மாதம் ஒருமுறை ஊருக்குப் பேசவும் வார்டனிடம் கேட்க வேண்டும். பூனைக்குப் பால்தான் வற்றியது, பின்னால் வரவேண்டிய பணம் எதுவும் கணக்கில் இல்லை. இவ்வளவும் சொன்ன பிறகு, அமுச்சி என்னோடும் இரண்டு நாள் பேசவில்லை. ஆக வீட்டில் பேசிக்கொண்டிருந்தது நானும் அப்பாவும் மட்டும்! அப்பா பேசுவதே குறைச்சல்.

ஆனாலும் ஒன்று. பட்டினி கிடந்தவளின் கணக்கை, மூன்று வேளையும் சாப்பிட்டு வளர்ந்த நான் திருத்தி மார்க் போடவும் முடியவில்லை.

பூனைக்கு வருகிறேன். டாக்டரம்மா சொன்னபடி குட்டிகளை எதிரே இருந்த நூல் ரூமுக்கு மாற்றினோம். குடோன்காரரிடம் அப்பா பேசி, பத்து நாள் தவணை வாங்கினார். தட்டுகளைப் பிரித்து, ஒன்றையொன்று பார்க்காத இடத்தில் வைத்தோம். கழிவு மரத்தில் அப்பா சுவரின் உயரத்தில் இரண்டு பலகை அடித்தார். சண்டை என்றால் ஏறிக்கொள்ள இடம். ஒரு பழைய துணியை ராணியின் கன்னத்தில் தேய்த்து, அதே துணியால் தினமும் வெள்ளையனைத் துடைத்தேன். வெள்ளையனைத் துடைத்த துணியை ராணி படுக்கும் இடத்தில் போட்டேன். முதல் நாள் துணியைப் பார்த்தே சீறினாள். நாலாம் நாள் அதன்மேல் படுத்துத் தூங்கினாள். அப்புறம் மூடிய கதவுக்கு இந்தப்பக்கம் ஒரு தட்டு, அந்தப்பக்கம் ஒரு தட்டு. பிறகு கதவைச் சித்தெ திறந்து வைத்தோம். சண்டை வந்தால் நடுவில் கையை விடக்கூடாது, ஒரு அட்டையை நுழைத்து மறைக்க வேண்டும். இதை மட்டும் எல்லோரும் நினைவில் வையுங்கள், அப்பாவின் முழங்கைத் தழும்பு இன்னும் போகவில்லை.

சாம்பலியோடு ஒரு வாரத்தில் சமாதானம். வெள்ளையனுக்கு மூன்று வாரம் ஆனது. மஞ்சான் கடைசிவரை பால் கேட்டுக் கேட்டு அடி வாங்கினான். ஆவணியில் ஒருநாள் தானாகவே மளிகைக்கடைக்குக் குடி போய்விட்டான். இப்போது அந்தக் கடைக்காரர் அவனைத் தன் பூனை என்கிறார். ஆண் குட்டிகள் இப்படி விலகிப் போய்விடும், பெண் குட்டிகள் தீனி இருந்தால் தாயோடேயே தங்கிவிடும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். தொல்காப்பியத்தில் மரபியல் என்ற பகுதியில் எந்த விலங்கின் இளமைக்கு என்ன பெயர் என்று ஒரு பட்டியலே உண்டு. கீரி, எலி, அணிலோடு பூனையையும் சேர்த்துக் 'குட்டி' என்பார். எத்தனை மாதம் வரை குட்டி என்று மட்டும் அவர் சொல்லவில்லை!

ஆடியில் ராணி மறுபடி இரண்டு குட்டி போட்டாள். சாம்பலியைக் கிட்ட விடுவாளோ என்று பயந்தோம். சாம்பலி நேராகப் போய்ப் புதுக் குட்டிகளை நக்கிக்கொண்டு பக்கத்திலேயே படுத்தாள். ராணி ஒன்றும் சொல்லவில்லை. பால் மறந்த பிறகு ராணிக்கும், ஆறு மாதம் கடந்ததும் சாம்பலிக்கும் வெள்ளையனுக்கும் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தாகிவிட்டது. வருஷம் மூன்று தடவை குட்டி, மூன்று தடவை விரட்டல் என்று போனால் அவள் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொன்னதும், "செய்ங்க, மொதல்ல அதையச் செய்ங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் அம்மா. 'கண்ணுல காட்டாதீங்க' என்று சொன்ன அதே அம்மா!

இந்த ஜனவரியில் நம் கல்லூரிக்கு வந்த கம்பெனி நேர்முகத் தேர்வில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரகடத்தில், பெண்களுக்கு ஹாஸ்டலோடு. அமுச்சி உடனே குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள். அப்பா கை கொடுத்தார். அப்பா எனக்குக் கை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, தார் சுற்றும் இடத்தில், உதட்டசைவில் கேட்டாள்.

"கேட்டப் பூட்டுவாங்களா?"

தெரியவில்லை என்றேன். ஏற்கனவே அங்கே வேலை பார்க்கும் சீனியர் அக்காவிடம் போனில் கேட்டேன். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பூட்டுவார்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே வேண்டுமானாலும் போகலாம், வேலையை விட்டு வர நினைத்தால் ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும் என்றார். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "வாயில சொல்றது இருக்கட்டும்" என்றாள்.

ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். அம்மா இரண்டு டிக்கெட்டாக எடுக்கச் சொல்லியிருக்கிறாள். கூட வந்து ஹாஸ்டலையும் கேட்டையும் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவாளாம். அந்த இரண்டு நாளும் ராணிக்கும் சாம்பலிக்கும் தட்டைத் தனித்தனியாக வைக்க வேண்டும், சேர்த்து வைத்துவிடாதே என்று அமுச்சியிடம் இப்போதே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.